நன்செய் மனையாகும்போது: லேஅவுட் போடும் தொழிலில் கற்றவை

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் மனைப்பிரிவு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். நிலத்தை அளந்து, எஃப்எம்பி எனப்படும் அரசின் நில அளவை வரைபடத்தோடு ஒத்துப்பார்த்து, சாலை எங்கே, பூங்கா எங்கே, மனை எத்தனை என்று பிரித்து, ஒப்புதலுக்குத் தாக்கல் செய்வது வரை எங்கள் பொறுப்பு. நிலம் விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், நடுவில் நிற்கும் தரகர்கள் என்று எல்லாரும் எங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அந்தப் பக்கம் சென்ட் என்ன விலை போகுது?"

நான் திருப்பிக் கேட்பது, அது என்ன வகை நிலம் என்று. நன்செய்யா, புன்செய்யா, மாஸ்டர் பிளானில் எந்த மண்டலம், பக்கத்து சர்வே எண்ணில் என்ன இருக்கிறது? விலை வாரத்துக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் ஒரு நிலத்தை எதற்குப் பயன்படுத்த முடியும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. களத்தில் கல் நட்டுக் கொடி கட்டிய அன்றே ஜனங்கள் அதை மனை என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அரசுப் பதிவேட்டில் அது இன்னும் நெல் விளையும் நன்செய்யாகவே இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நான் பார்த்த நஷ்டங்கள் பெரும்பாலும் நடந்திருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. அதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அந்தக் காலத்தில் மனை போடுவது ரொம்ப எளிது. நாலு ஏக்கர் வாங்கு, நடுவில் இருபதடி மண்பாதை விடு, பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒரு முத்திரை வாங்கு, பத்திரம் போடு. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று துண்டறிக்கையில் தைரியமாக அச்சடிப்பார்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971லேயே வந்துவிட்டது. மனைப்பிரிவுக்குத் திட்ட அனுமதி தருகிற அதிகாரம் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபிக்கும், சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுக்கும்தான். பஞ்சாயத்துத் தலைவர் முத்திரைக்கு அதில் இடமே இல்லை. ஆனால் பத்திரம் பதிவாகிக்கொண்டிருந்ததால் வாங்கியவர்கள் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலம் கண்மூடித்தனமாக அழிக்கப்படுகிறது என்பதுதான் வழக்கின் அடிப்படை. அந்த உத்தரவு வந்த பிறகு எங்கள் பக்கத்து சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று ஒரு கிரவுண்ட் போட்டு வைத்தவர்கள், வீட்டுக் கடனுக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தவர்கள், அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துவிட்டவர்கள் என்று பலரும் கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வந்து நின்றார்கள். அடுத்த வருடம் வழி பிறந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு மனையாகவே பதிவானவற்றை மறுபடி விற்கலாம் என்றும், அந்தத் தேதிக்கு முந்தைய மனைப்பிரிவுகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ளலாம், அதாவது பின்னோக்கி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றும் 2017இல் விதிகள் வந்தன.

இன்றைக்கும் பழைய மனை வாங்குகிறவர்கள் இந்த அக்டோபர் 20ஐ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பு மனையாக ஒரு பத்திரமாவது பதிவாகியிருந்தால் கைமாற்றலாம். ஆனால் பதிவாகிறது என்பதும் வீடு கட்டலாம் என்பதும் வேறு வேறு. வரன்முறை ஆணை இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. விற்பவர் "பதிவு ஆகும் சார், நான் கேரண்டி" என்பார். அது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது வரன்முறை ஆணையின் நகலை. மொத்த மனைப்பிரிவுக்கும் அது வாங்கப்பட்டிருக்கிறதா, உங்கள் மனைக்குத் தனியாகக் கட்டணம் கட்டியிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

சரி, இப்போது விலையின் கதைக்கு வருகிறேன். ஒரு பகுதியின் விலை ஏறுவதற்கு ஒரே ஒரு ஆலை போதும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியபோது சுற்றியிருந்த ஊர்களில் காலி இடம் என்பதே அரிதாகிப் போனது. வாடகை வீடு, மெஸ், சின்னச் சின்ன அபார்ட்மெண்ட் என்று எல்லாம் வந்தன. 2014 நவம்பரில் அந்த ஆலை நின்றது. ஆட்களோடு வாடகையும் போனது. மனைகள் அங்கேயே இருந்தன, வாங்கத்தான் ஆளில்லை. அதன் பிறகு அந்த வட்டாரம் மீண்டது, வேறு மின்னணு நிறுவனங்கள் வந்தன. ஆனால் திரும்பி வந்த தேவை பழைய மாதிரி இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்துக்குள்ளேயே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். வேலைக்கு வருகிறவர்கள் ஊருக்குள் வாடகைக்கு அறை எடுத்து, பத்து வருடம் கழித்து அங்கேயே மனை வாங்குவார்கள் என்ற பழைய கணக்கு இதோடு மாறிவிட்டது. ஆலை வளாகத்துக்குள் தங்கும் பெண், வேலையை விட்டதும் தன் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பிவிடுகிறாள். ஆகவே "பக்கத்தில் ஆலை வருகிறது" என்று சொன்னால், அங்கே வேலை செய்யப் போகிறவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று விசாரியுங்கள். மனைக்குத் தேவை அங்கேதான் பிறக்கிறது.

இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் கிடங்குகளின் இடமே மாறியது. அதற்கு முன்பு மாநிலத்துக்கு மாநிலம் வரி வித்தியாசம் இருந்ததால், கம்பெனிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் சின்னச் சின்ன குடோன் வைத்திருந்தன. ஜிஎஸ்டிக்குப் பிறகு அந்தத் தேவை போய், ஒரே இடத்தில் பெரிய கிடங்கு போதும் என்று ஆனது. செங்குன்றம் பக்கமும், ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலையை ஒட்டியும் ஏக்கர் கணக்கில் கிடங்குகள் எழுந்தன. மனைக்கு ஏற்ற நிலமும் கிடங்குக்கு ஏற்ற நிலமும் ஒன்றல்ல. கிடங்குக்குப் பெரிய டிரெய்லர் திரும்பும் அகலத்தில் சாலை வேண்டும், நிலம் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே சதுரமாக வேண்டும், தரை பளு தாங்க வேண்டும். பள்ளி, கடை, பஸ் ஸ்டாப் எதுவும் வேண்டாம்.

இது சின்ன விவசாயிக்கு என்ன? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சாலை முகப்பில் இருந்த நிலத்தை விற்காமல், பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து கிடங்குக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. மண் அவர்களுடையது, மாதம் பிறந்தால் வாடகை வருகிறது. எல்லாருக்கும் இது வாய்க்காது. சாலை முகப்பு இல்லாத உள் நிலத்துக்கு யாரும் குத்தகை கேட்க மாட்டார்கள். ஆனாலும் விற்பது ஒன்றுதான் வழி என்று தரகர் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். குத்தகைக்கு விடுவதென்றால் ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். குத்தகைதாரர் அந்த நிலத்தை வங்கியில் அடமானம் வைக்க உங்கள் கையெழுத்தைக் கேட்டால், ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் போடாதீர்கள்.

விற்கிறவர்களைவிட, புரோமோட்டரோடு கூட்டு சேர்கிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். நில உரிமையாளர் நிலத்தைக் கொடுப்பார், புரோமோட்டர் ஒப்புதல் வாங்கி, சாலை போட்டு, விற்றுக் கொடுப்பார். மனைகளில் இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு என்று பங்கு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கணக்கு எதன் மேல் என்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. அதில் சாலை போகும், பூங்காவுக்கு ஓஎஸ்ஆர் என்ற திறந்தவெளி ஒதுக்கீடு போகும். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மிச்சமிருக்கும் பரப்பில் 10 சதவீதத்தை நிலமாகவே பூங்காவுக்கு விட வேண்டும். நிலத்தின் அமைப்பைப் பொறுத்து, 100 சென்ட்டில் 55 முதல் 60 சென்ட்தான் விற்கும் மனையாகக் கைக்கு வருவதை எங்கள் வேலையில் பார்க்கிறோம். நிலக்காரர் 100 சென்ட்டில் பாதி தனக்கு என்று மனக்கணக்குப் போட்டிருப்பார். கடைசியில் கிடைப்பது அதைவிட வெகு குறைவு.

அடுத்தது, எந்த மனை யாருக்கு என்பது. வரைபடம் வந்த அன்றே, மனை எண்ணை எழுதிப் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்பக்கச் சாலையை ஒட்டிய மனைகள் முதலில் விற்றுப்போகும். கடைசி வரிசை, மூலை முக்கோணம், மின்கம்பி ஓடும் மனை எல்லாம் வருடக்கணக்கில் கிடக்கும். ஒப்பந்தத்தில் சதவீதம் மட்டும் எழுதி எண் எழுதாவிட்டால், நல்ல மனைகள் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரம் கொடுப்பதானால் புரோமோட்டரின் பங்கு மனைகளுக்கு மட்டும் கொடுங்கள். மொத்த சர்வே எண்ணுக்கும் கொடுத்துவிட்டு, பிறகு ரத்து செய்ய அலைவது கொடுமை.

இப்போது தண்ணீர். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், ஏனென்றால் செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் என்னும் உபரிநீர்ப் போக்கு வழியாக அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கு என்று சங்கிலியாகப் போகும் அமைப்பு இது. மதகிலிருந்து, ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலங்களுக்கு வாய்க்கால் பிரியும். அந்த ஆயக்கட்டு நன்செய்தான் இன்றைக்கு மனையாகிறது. விவசாயம் நின்ற பிறகு வாய்க்காலைத் தூர்வார ஆளில்லை. நாலைந்து வருடத்தில் வேலிக்கருவை முளைத்து, மண் மூடி, அங்கே வாய்க்கால் இருந்ததே தெரியாமல் போய்விடும்.

ஒரு கோடையில் மதுராந்தகம் பக்கம் ஒரு நிலத்தை அளக்கப் போனோம். தரை வறண்டு, ஒரே சமமாக இருந்தது. எஃப்எம்பியைப் பிரித்தால், நிலத்தின் குறுக்கே இரட்டைக் கோடாக ஒரு பட்டை ஓடுகிறது. அதற்குத் தனி சர்வே எண். கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பார்த்தால் வாய்க்கால் புறம்போக்கு. களத்தில் அப்படி எதுவுமே கண்ணில் படவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் கையில் இருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கோலால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். "தம்பி, இங்கதான் கால்வா. ஏரி கோடி போனா தண்ணி இந்தாண்ட வந்து, அதோ அந்தப் பனை மரத்துக்கிட்ட திரும்பும்." சங்கிலி பிடித்து அளந்தோம். அவர் கோல் தட்டிய இடமும், எஃப்எம்பியின் கோடும் அநேகமாக ஒன்றாகவே விழுந்தன. அந்தப் பட்டையை வாய்க்காலாகவே விட்டு, அதன் மேல் சிறுபாலம் கட்டி வரைபடம் போட்டோம். நிலக்காரருக்குச் சில மனைகள் குறைந்தன. அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கோடி போனபோது தண்ணீர் அந்தப் பட்டை வழியாக வந்து, பனை மரத்துப் பக்கம் திரும்பிப் போனது.

எல்லா இடத்திலும் இப்படி விடுவதில்லை. குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டு மேலே சாலை போட்டுவிடுவதையும் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மாடி வரை தண்ணீர் ஏறியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மனை பார்க்கப் போகிறவர்கள் மார்கழி தையில், வானம் வெளுத்த பிறகு போகிறார்கள். ஷாமியானா கட்டி, வேன் அனுப்பி, சாப்பாடு போட்டுக் கூட்டிப்போவதும் அந்த மாதங்களில்தான். நீங்கள் ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை, யாரும் கூப்பிடாமல் தனியாகப் போய்ப் பாருங்கள். பழைய வீடுகள் பக்கத்தில் இருந்தால் அதன் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதில் நிபந்தனை போட்டிருப்பார்கள். சான்று வாங்கியதைப் பெருமையாகச் சொல்வார்கள், நிபந்தனையைச் சொல்ல மாட்டார்கள். தரையை உயர்த்தும் செலவை யார் ஏற்பது என்று கிரயத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

இந்தச் சில வருடங்களாகப் பரபரப்பாக விற்பது பண்ணை நிலம். "இருபது சென்ட் மாந்தோப்பு, வேலி போட்டு, பராமரித்து, மகசூலில் பங்கு தருவோம்" என்பார்கள். நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஊர் மண் மேல் இருக்கும் ஆசை உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வியாபாரம் ஏன் இவ்வளவு பெருகியது என்று யோசித்துப் பாருங்கள். 2016க்குப் பிறகு ஒப்புதல் இல்லாமல் புதிதாக வீட்டுமனை பிரித்து விற்க முடியாது. ஒப்புதல் வாங்கினால் சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும், நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும், மாஸ்டர் பிளான் இல்லாத பகுதியில் விவசாய நிலமென்றால் கலெக்டரின் இசைவும் வேண்டும். அதே நிலத்தை விவசாய நிலமாகவே சென்ட் கணக்கில் பிரித்து விற்றால் இவை எதுவும் வேண்டாம். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது சட்டப்படி விவசாய நிலம். அதில் இருக்கும் பாதை, பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதப்பட்ட பொதுச் சாலை கிடையாது. பாதையில் உங்களுக்கு உள்ள உரிமை பத்திரத்தில் அளவோடு, எல்லையோடு எழுதப்பட்டிருந்தால்தான் உண்டு. பராமரிக்கிற நிறுவனம் போய்விட்டால் கிணறு யாருடையது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். தோப்பு வைக்க நினைத்தால் வாங்கலாம். பின்னாளில் வீட்டுமனையாகிவிடும் என்று சொல்லி விற்றால், அதை நம்பி ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஒப்புதல் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. "டிடிசிபி, ரெரா இரண்டும் அப்ரூவ்ட்" என்று போர்டு வைக்கிறார்கள். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். அது எதையும் அங்கீகரிப்பதில்லை, திட்டத்தைப் பதிவு செய்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேலான நிலத்திலோ, 8 அலகுகளுக்கு மேலோ திட்டம் இருந்தால் பதிவு கட்டாயம். வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்துக்கே செலவழிக்க வேண்டும் என்பது ரெரா சட்டத்தின் முக்கியமான பாதுகாப்பு. போர்டில் இருக்கும் பதிவு எண்ணை தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டு, அதில் வரும் சர்வே எண்களும் உங்கள் பத்திர வரைவில் இருக்கும் சர்வே எண்களும் ஒன்றா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் கட்டத்துக்கு வாங்கிய எண்ணைக் காட்டி இரண்டாம் கட்டத்தை விற்பது நடக்கிறது. அதேபோல மனைப்பிரிவில் சாலை அமைப்புக்கு மட்டும் முதலில் ஒப்புதல் வரும். சாலை, பூங்கா இரண்டையும் உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிவு செய்த பிறகுதான் இறுதி வரைபடம் வெளிவரும். தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அது இருந்தால்தான் நாளைக்கு யாரும் பூங்காவை மனையாக்கி விற்க முடியாது.

நில வகையைப் பார்த்தாயிற்று என்றால், அடுத்து ஆட்களைப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழை 1975 முதல் போட்டுப் பார்ப்பது இப்போது இணையத்திலேயே முடிகிறது. ஆனால் வில்லங்கத்தில் வராத ஒன்று, கையெழுத்துப் போடாத பெண்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25ஆம் தேதியிலிருந்தே, அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களைப் போலப் பிறப்புரிமை உண்டு. 2005இல் மத்தியச் சட்டமே எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது. ஆனாலும் கிராமத்தில் பாகப்பிரிவினை என்றால் அண்ணன் தம்பிகள் மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொள்வது நின்றபாடில்லை. "தங்கச்சிக்கு நகை போட்டுக் கல்யாணம் பண்ணிட்டோம், அது கேக்காது" என்பார்கள். நிலத்தின் விலை ஏறியதும் அந்தத் தங்கை கேட்கிறாள். கேட்பதில் ஒரு தவறும் இல்லை, அது அவள் சொத்து. வாங்குகிறவர் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, அதில் உள்ள ஒவ்வொரு மகளின் கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. நான் பார்த்த நீண்ட வழக்குகளில் பெரும்பாலானவை இந்தக் கையெழுத்தில் ஆரம்பித்தவை.

பட்டாவில் பெயர் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 1980களில் யுடிஆர் என்று நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது விழுந்த பிழைகள் இன்றும் பட்டாக்களில் இருக்கின்றன. பக்கத்து நிலக்காரர் பெயர் இந்த நிலத்தில் ஏறியிருக்கும், பரப்பு குறைந்திருக்கும். அதற்கு முந்தைய பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பஞ்சமி நிலமா என்பதும் பழைய பதிவேட்டில்தான் தெரியும். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. மற்றவர்களுக்கு விற்றால் செல்லாது. அந்த நிலத்தை அறிந்தே வாங்கி லேஅவுட் போடக் கேட்டு வந்தவர்களை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம், இனியும் அனுப்புவோம்.

அறிவிப்புகளை நம்பி வாங்குவது பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்ததும் சுற்றுப்பட்டில் நிலம் கேட்டு ஆட்கள் குவிந்தார்கள். அதே சமயம் திட்டப் பகுதியில் இருக்கும் ஏகனாபுரம் மக்கள் தங்கள் வயலையும் ஏரியையும் விட மாட்டோம் என்று போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதே 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசாணை வந்தது. அரசாணை வந்த மறுநாளே தரகர்கள் "இனி இதெல்லாம் சென்னைதான்" என்று பேசினார்கள். எல்லை விரிந்தால் குடிநீர்க் குழாயும் பஸ்ஸும் கூடவே வந்துவிடாது. திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டு, நிலம் எடுத்து, கட்டி, ஜனங்கள் குடிவருவதற்குள் உங்கள் பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்திருக்கலாம். அவ்வளவு காலம் முடக்கி வைக்கக்கூடிய பணமாக இருந்தால் மட்டும் அறிவிப்பை நம்பி வாங்குங்கள். கடன் வாங்கி வேண்டவே வேண்டாம்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம், பத்திரத்தில் எழுதும் மதிப்பு. கொடுத்த விலை ஒன்று, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு எழுதுவது வேறொன்று என்பது ரொம்ப நாள் பழக்கம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள். இப்போது கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 9 சதவீதம் ஆகிறது. பத்து லட்சத்துக்கு 90,000 ரூபாய். 2025 ஏப்ரலில் இருந்து பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இந்தச் செலவைப் பார்த்தே மதிப்பைக் குறைத்து எழுதத் தோன்றும். ஆனால் நாளைக்குச் சாலைக்கு நிலம் எடுத்தால், இழப்பீடு கணக்கிடும்போது வழிகாட்டி மதிப்பையும், முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களையும்தான் பார்க்கிறார்கள். ஊரே குறைத்து எழுதியிருந்தால் ஊருக்கே குறைவாகத்தான் வரும். ஒரு சாலை விரிவாக்கத்தில் அப்படி நொந்துபோன விவசாயிகளை நேரில் பார்த்தேன். அவர்கள் யாரும் நிலம் விற்றவர்கள் இல்லை. பக்கத்து நிலம் வாங்கிய வெளியூர்க்காரர்கள் குறைத்து எழுதியதற்கு இவர்கள் விலை கொடுத்தார்கள்.

இரண்டு மூன்று வருடத்தில் கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று வாங்குகிறவர்களும் அந்த 9 சதவீதத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். உங்களிடம் வாங்குகிறவரும் அதே 9 சதவீதத்தைக் கட்டுவார், அதை உங்கள் விலையில் குறைத்துத்தான் கேட்பார். நடுவில் தரகுக் கமிஷன் இரண்டு முறை. அப்புறம் வருமான வரி. இவ்வளவையும் தாண்டி மிஞ்சினால்தான் லாபம்.

வாங்கி முடித்த பிறகு செய்ய வேண்டியதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். பத்திரம் கைக்கு வந்ததும் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். கூட்டுப்பட்டாவில் பெயர் சேர்த்ததோடு நிறுத்தினால் உங்கள் எல்லை எஃப்எம்பியில் ஏறாது, பின்னால் வேலி போடும்போது தகராறு வரும். சர்வேயர் உட்பிரிவு அளக்க வரும் நாளில் நீங்களே நேரில் நில்லுங்கள், நாலு பக்கத்து மனைக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். மூலைக்கற்களை நட்டதும் பத்திரத்தின் நாலு எல்லையோடு ஒத்துப்பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருந்தால், வருடத்துக்கு ஒருமுறையாவது யாரையாவது அனுப்பி, கல் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றிதழையும் அதே சமயத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்கள் மனை மேல் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகியிருந்தால் அதில்தான் முதலில் தெரியும்.